புட் அப்: ஒரு வினைச்சொல்லும் ஒன்பது நினைவூட்டல்களும்

1

விதி இப்படிச் சொல்கிறது: அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் பதினைந்து நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் அதே பதினைந்து நாட்களுக்குள் இடைக்காலப் பதில் ஒன்றை அனுப்பி, முடிவான பதில் எப்போது கிடைக்கும் என்பதையும் அதில் தெரிவிக்க வேண்டும். இந்த விதி முப்பத்தாறு வருடம் எனக்கு மனப்பாடம். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். ஒட்டியதைத் தவிர அதை வைத்து நான் வேறு ஏதும் செய்ததாக நினைவில்லை.

ஆரணியிலிருந்து நான் பெங்களூருக்கு வந்து இந்த வருடத்தோடு நாற்பது ஆண்டுகள் முடிகின்றன. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நாற்பது ஆண்டுகளைப் பற்றி உங்கள் இதழுக்கு ஏதாவது எழுதக் கேட்டீர்கள். இந்த ஊரின் குளிர், பூங்காக்கள், மசால் தோசை பற்றியெல்லாம் எழுதப் போதுமான பேர் இருக்கிறார்கள். நான் ஆங்கிலத்தின் ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன். என் பிழைப்பு முழுக்க அதில்தான் ஓடியது.

'புட்' என்பது அந்தச் சொல். தனியாக இருக்கும்போது சாது. பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் குணம் மாறும். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் டவுன் என்றால் எழுதி வை. ஆளைப் பொறுத்து, மட்டம் தட்டு என்றும் ஆகும். புட் அவே என்றால் எடுத்து வை. புட் அப் என்றால் கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு அனுப்பு. அதோடு 'வித்' சேர்ந்தால் சகித்துக்கொள். கோப்பை மேலே அனுப்புவதற்கும் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போவதற்கும் வெள்ளைக்காரன் ஏறக்குறைய ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

நம் 'போடு'வும் சளைத்ததல்ல. கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், சட்டை போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். கன்னடத்தில் 'ஹாகு' இதே வேலையைச் செய்கிறது. மனுப் போடு என்று நாம் சொன்னால் அவர்கள் 'அர்ஜி ஹாகி' என்பார்கள், ஆங்கிலத்தில் புட் இன் அன் அப்ளிகேஷன். மூன்று மொழியிலும் மனுப் போட வழி இருக்கிறது. பதில் போடத்தான் ஆள் இல்லை.

2

இந்த ஊரில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வேர் ஆர் யூ புட் அப்?" எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். விடுதியில் அறை எடுத்தவனிடம் கேட்கலாம். உறவினர் வீட்டில் பெட்டியை வைத்தவனிடம் கேட்கலாம். தொம்மலூரில் சொந்த வீடு கட்டி, வரி கட்டி, இரண்டு முறை கூரைக்குத் தளம் மாற்றிய என்னிடமும் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், கணினி நிறுவனத்தில் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருக்கிறது, என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க எங்க புட் அப் பண்ணியிருக்கீங்க?" என்றான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன் தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டான்.

என் மகள் அருகில்தான் இருந்தாள். "எதுக்குப்பா எல்லார்கிட்டயும் கோவம்? கேட்டா சொல்லிட்டுப் போயேன்" என்று கடிந்துகொண்டாள். அவள் இதே ஊரில் பிறந்தவள். பிள்ளைகளிடம் கன்னடமும் ஆங்கிலமும் பேசுகிறாள், என்னிடம் மட்டும் தமிழ். தமிழ் எழுத்தை அவளுக்குப் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

3

சகுந்தலாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின், அவளைக் குளிப்பாட்டவும் பிடித்து நடக்க வைக்கவும் சகுந்தலா வந்தாள். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. பதினோரு வருடமாகத் தினக்கூலி. நீலசந்திராவில் வீடு. வார்டு வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். "எழுந்துருமா. படுத்தே இருந்தா எலும்பு உன்ன மறந்துடும்" என்று என் மனைவியை அதட்டுவாள். இந்த வீட்டில் என் மனைவியை அதட்டிய முதல் ஆள் அவள்தான். நான் பார்த்து வியந்தேன்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் ஓர் உத்தரவு போட்டார்கள். நீண்ட நாள் தினக்கூலியாக இருப்பவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிறது. பிறந்த தேதிக்குப் பள்ளி ஆவணம் தர வேண்டும். வேறு எதுவும் செல்லாது. கடைசி நாள் ஆகஸ்ட் இருபத்திரண்டு. அதற்கு மேல் வந்தால் அந்த ஆள் ஆயுளுக்கும் தினக்கூலிதான்.

சகுந்தலாவின் பள்ளிச் சான்றிதழ் எரிந்துபோயிருந்தது. தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்தில், அவள் அப்போது குடியிருந்த தகர வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், சான்றிதழ் இருந்த டிரங்குப் பெட்டி உள்ளேயே தங்கிவிட்டது. அவள் படித்த தமிழ்ப் பள்ளியும் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அதன் சேர்க்கைப் பதிவேடுகள் கல்வி அலுவலகம் ஒன்றில் இருப்பதாகத் தெரிந்தது. அங்கிருந்து பதிவேட்டின் நகல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னா சார் எழுதறது? வெச்சிருந்தேன், கொளுத்திட்டாங்கன்னா?" என்று கேட்டாள்.

"நாலு தாள்ல எழுதலாம்" என்றேன்.

கட்டிலிலிருந்து என் மனைவி சொன்னாள்: "எழுதிக் குடுங்க. முப்பத்தாறு வருஷம் எழுதினதுல ஒண்ணாவது யாருக்காவது ஆகட்டும்."

ஜனவரி இருபதாம் தேதி, பதிலுக்கு என் வீட்டு முகவரியைக் கொடுத்து, மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினைந்து நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. பிப்ரவரி நான்காம் தேதி முதல் நினைவூட்டல். அதிலிருந்து பதினைந்தாவது நாள் இரண்டாவது. ஜூன் முதல் வாரத்துக்குள் ஒன்பது ஆயின. முதல் மூன்றில் 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று பணிந்து எழுதினேன். நான்காவதில் 'மீண்டும் கவனத்தை ஈர்க்க நேர்கிறது' என்று நிமிர்ந்தேன். ஏழாவதில் விதியை மேற்கோள் காட்டினேன். என் பணிக்காலத்தில்கூட அப்படி ஓர் ஆங்கிலம் எழுதியதில்லை. சகுந்தலாவுக்கு ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக் காட்டுவேன். அவள் என் மனைவியின் காலைப் பிடித்தபடி கேட்பாள்.

"நல்லாத்தான் கீது சார். ஆனா அவுங்க படிக்கறாங்களா?"

"படிச்சே ஆகணும். பதிவேட்டுல ஏத்தி, நம்பர் போட்டு, கோப்புல சேத்து மேல அனுப்பணும். அதுதான் முறை."

"நேர்ல போயி கேட்டுடலாமே?"

"நேர்ல கேட்டதுக்கு ஆதாரம் கிடையாது. எழுத்துல இருக்கணும்."

என் மகளும் தொலைபேசியில் அதையே சொன்னாள். அவளுக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

பத்தாவது நினைவூட்டல் ஜூன் பத்தொன்பதாம் தேதிக்குரியது. பதினெட்டாம் தேதி காலையில் சகுந்தலா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "சார், இன்னிக்கி லீவு போட்டுட்டேன். லெட்டர எடுத்துக்கோ. கைல குடுக்கலாம். நீ வரலன்னா நான் மட்டும் போறேன்." கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கிளம்பினேன்.

4

கல்வி அலுவலகத்தில் என் கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிரிவின் எழுத்தர் பெயர் நஞ்சுண்டப்பா. ஐம்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழும் பேசினார். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்களா சார்? பன்னி, பன்னி, வாங்க. கூத்துக்கோங்க." உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் பையிலிருந்து நான் பத்தாவது கடிதத்தை எடுப்பதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கூப்பினார். "அது மட்டும் வேணாம் சார். உங்க கால்லெ உளுறேன். அதெ பாக்கெட்லயே வெய்ங்கோ."

"ஏன்?"

ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். தடிமனாக இருந்தது. "நோடி, பாருங்க. உங்க அர்ஜி வந்துச்சு. நோட்டு எளுதி மேலே சாஹேப் டேபிள்க்கு அனுப்பினோம். அவரு முடிவு பண்றதுக்குள்ள உங்க ரிமைண்டர் வந்துச்சு. ரிமைண்டர் வந்தா நான் ஏன் மாடோது, என்ன செய்யறது? ஃபைல்ல சேக்கணும். ஃபைல் மேலே இருக்கு. எறக்கி வாங்கி, சேத்து, புதுசா நோட்டு எளுதி, திரும்ப அனுப்பினேன். வரிசெலே கடேசி. அவரு கட்டு கொறஞ்சு இது மேலே வர்றதுக்குள்ள இன்னொரு ரிமைண்டர். ஒன்பது தடவெ நான் ஏத்தினேன் சார். ஒன்பது தடவெ நீங்க எறக்கினீங்க."

இந்த முறை எனக்குத் தெரியாததல்ல. எங்கள் அலுவலகத்தில் ஒக்கலிபுரத்துக்காரர் ஒருவருக்கு நாங்கள் இதையேதான் செய்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதுவார். அவருடைய கோப்பு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 'பதினைந்து நாள்' என்று அவருக்குப் பெயர் வைத்துச் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வரையில் தெரிந்த விஷயம், இந்தப் பக்கம் வந்து விண்ணப்பதாரரானதும் எப்படி மறந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் ஆங்கிலத்தின் அழகில் மயங்கியிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு விளக்கமில்லை.

சகுந்தலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மாசமா நிறுத்தி வெச்சது நீதானா சார்?"

"ஆமா."

"ஒருத்தன் பெட்டிய கொளுத்தினான். நீ தபாலு போட்டே." பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சை மாற்றுவதற்காகக் கோப்பின் முதல் குறிப்பைப் படிக்கத் தொடங்கினேன். நஞ்சுண்டப்பாவுக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் எழுதியது. விண்ணப்பதாரர் தமிழ் வழியில் பயின்றவராதலால், தம்முடைய சொந்த மாநில அதிகாரிகளை அணுகுமாறு அவருக்கு அறிவுறுத்தலாம். புட் அப். அதன் கீழே அதிகாரி பச்சை மையில் 'பேசவும்' என்று, அதாவது எழுத்தர் நேரில் வந்து விவாதிக்கட்டும் என்று, எழுதியிருந்தார். பேசுவதற்குள் என் முதல் நினைவூட்டல் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா எழுதிக்கீது?" என்று சகுந்தலா கேட்டாள். மெதுவாகச் சொன்னேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. நஞ்சுண்டப்பாவிடம் கன்னடத்திலேயே சொன்னாள்: "நானு இல்லே ஹுட்டித்து, ஸ்வாமி. இங்கியே பொறந்தவ. எந்த ஊருக்குப் போகச் சொல்றீங்க? என் மாமியார் ஊரு ஆம்பூரு. அங்க என்ன யாருக்குத் தெரியும்? வீட்ட கொளுத்தினப்பவே போகல. ஒரு பேப்பர்ல எழுதினா போயிடுவனா?" கன்னடத்தில் தொடங்கி எங்கே தமிழுக்குத் தாவினாள் என்று எனக்கே தெரியவில்லை. நஞ்சுண்டப்பாவுக்கு எல்லாம் புரிந்தது.

"நான் எளுதினது அல்லம்மா அது."

"நீ எழுதல. நீதானே ஒன்பது வாட்டி மேல அனுப்பினே?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. கோப்பைக் கட்டினார், அவிழ்த்தார். "ரிஜிஸ்டர்ல பேரு பாத்தா ஒரே நிமிஷம். ஆனா ரிக்கார்டு ரூம்ல ஆளு இல்லெ. யாரு தேடோது?"

"நான் தேடறேன்."

"வெளி ஆளு போகக் கூடாதும்மா. ரூல்ஸ்."

அவர் சொன்னது சரி. பதிவறைக்குள் விண்ணப்பதாரரை அனுமதிக்கக் கூடாது. எனக்கு அந்த விதியும் தெரியும். அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், ஒரு பணியாளர் உடனிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். சகுந்தலா என் பக்கம் திரும்பி, "நீ சும்மா இரு சார்" என்றாள். நாற்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான உத்தரவு அது.

நஞ்சுண்டப்பா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் கூட நிக்கறேன். பணியாளர் உடன் இருந்தாச்சு. பெருக்கறதுக்கு ஆளு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

"பெருக்கவும் செய்யறேன்" என்றாள் சகுந்தலா. புடவைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த அறையில் காகிதம் கூரைவரை இருந்தது. சகுந்தலாவுக்குச் சுமை தூக்கிப் பழகிய உடம்பு. கட்டுக் கட்டாக இறக்கி, வருடம் பார்த்து நான் இதில்லை என்று தலையசைக்க, அடுத்ததை இறக்கினாள். கரப்பான்கள் ஓடின. நஞ்சுண்டப்பா தும்மினார். மூன்று மணி நேரம் கழித்து, அட்டை பிய்ந்த நீளமான பதிவேடு ஒன்று கிடைத்தது. விரலை வைத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். தன் பெயரை ஆங்கிலத்தில் படிக்க அவளுக்குத் தெரியும். அப்பா பெயர். பிறந்த தேதி. தாய்மொழி: தமிழ். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். பஸ் பலகையில் தினமும் பார்க்கிற பெயர்தான்.

"பெங்களூர்" என்று சத்தமாகச் சொன்னாள். "இத எழுது ஸ்வாமி உன் நோட்டுல. பெருசா எழுது."

நஞ்சுண்டப்பா அங்கேயே நின்றபடி பழைய குறிப்புக்குக் கீழே புதுக் குறிப்பு எழுதினார். விண்ணப்பதாரர் இவ்வூரில் பிறந்தவர், பள்ளி இந்த அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டது, பதிவேடு கைவசம் உள்ளது, நகல் வழங்கலாம். நல்ல குறிப்பு. நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் ஆகியிருக்கும்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "சார், பத்தாவது தடவெ ஏத்தறேன். தயவு செஞ்சு நீங்க எறக்காதீங்கோ."

5

எழுதாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. ஜூலை முழுவதும் பதில் இல்லை. அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார். புதியவருக்கு ஒரு வரி எழுதினால் என்ன? பொறுப்பேற்றதற்கு வாழ்த்து, கூடவே ஒரு வரி. வாழ்த்து நினைவூட்டல் ஆகாது.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். பேனா இல்லை.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் மனைவி. "எழுந்து நடக்க முடியாதவதானேன்னு நெனச்சீங்களா?"

ஒன்பது கடிதங்களும் அந்த 'சொந்த மாநில' யோசனையையும் ஒன்பது முறை கீழே இறக்கின அல்லவா, அந்த வகையில் அவை ஒரு நன்மையே செய்தன என்று அவளிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆகஸ்டில் சகுந்தலா எங்களிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். மனைவியை நடக்க வைப்பாள், போய்விடுவாள். பட்டியலில் மற்றவர்கள் எல்லாரும் தாள் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் பொதுவாகச் சொன்னாள். "வரலன்னா?" என்று என் மனைவி கேட்டாள். "வரலன்னா இன்னாம்மா, அதே வார்டு, அதே பக்கெட்டு. ஆனா விடமாட்டேன். அந்த ரிஜிஸ்டர தூக்கினு போயி சூப்பரண்டு மேஜ மேல வெப்பேன். போலீஸ்ல புடிச்சிக் குடுக்கட்டும். அவுங்களாவது என் பொறந்த தேதிய எழுதிக்குவாங்க." அவள் செய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசு ஆவணத்தை அகற்றுவதற்கு என்ன தண்டனை என்று எடுத்துச் சொன்னேன். தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி என்பதுபோல் தலையாட்டினாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், பகல் பதினொன்றரை மணி. அந்த வாரம் அவளுக்கு இரவுப் பணி, அதனால் பகலில் எங்கள் வீட்டில் இருந்தாள். தபால்காரர் மணியடித்து, "யாரு சகுந்தலா? ரிஜிஸ்டர் போஸ்டு" என்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்தாள். முத்திரை, கையொப்பம், பதிவேட்டின் நகல். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். என்னிடம் காட்டவில்லை, நேராக உள்ளே போய் என் மனைவியிடம் காட்டினாள். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன.

நான் அதற்குள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்திருந்தேன்.

"இன்னா சார் அது?"

"பெற்றுக்கொண்டதுக்கு ஒப்புதல். நன்றி தெரிவிச்சு ரெண்டு வரி. அதுதான் முறை."

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "எழுதாதே சார். நன்றியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஏழு மாசம் ஓடவெச்சதுக்கு இன்னா நன்றி? நஞ்சுண்டப்பாக்கு நான் வாயால சொல்லிக்கறேன். நீ இத அனுப்பினா, அந்த ஃபைல திரும்ப எறக்கிடுவாங்க."

அந்த வெற்றுத் தாளில் நகலைச் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். இரவுப் பணிக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. அவள் பெயர் அன்று மாலையே பட்டியலில் ஏறியது.

பதில் வந்த தேதி: 21-8-1997, வியாழக்கிழமை.